புற்றுநோயாளியைப் போர்வீரராக்கும் பேச்சு

மாரடைப்பால் இறந்தவரை "மாரடைப்பிடம் தோற்றார்" என்று யாரும் எழுதுவதில்லை. புற்றுநோயால் இறந்தவருக்கு மட்டும் "நீண்ட போராட்டத்துக்குப் பின் தோற்றார்" என்று இரங்கல் எழுதுகிறோம்; பிழைத்தவரைப் "புற்றுநோயை வென்றவர்" என்று மேடையேற்றிப் பாராட்டுகிறோம். இரண்டும் அன்பில் பிறந்த சொற்கள்தான். ஆனால் வென்றவர் என்று ஒருவர் இருந்தால் தோற்றவர் என்று ஒருவரும் இருந்தாக வேண்டும். மருந்துக்குக் கட்டுப்படாத கட்டி வந்த ஒரே காரணத்துக்காக ஒரு மனிதரைத் தோற்றவர் வரிசையில் நிறுத்த நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

இந்தப் போர்ப் பேச்சு காரணமின்றி வந்துவிடவில்லை. கீமோதெரபியின் தொடக்கமே போர்க்கள நச்சு வாயு பற்றிய ஆய்வுகளில்தான் இருக்கிறது. 1942இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், மஸ்டர்ட் வாயுவுக்கு நெருங்கிய வேதிப்பொருளான நைட்ரஜன் மஸ்டர்டை ஒரு நிணநீர்ப் புற்றுநோயாளிக்குச் செலுத்திப் பார்த்தார்கள். 1971 டிசம்பர் 23 அன்று அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட தேசியப் புற்றுநோய்ச் சட்டம் "புற்றுநோய் மீதான போர்" என்றே மக்களிடம் அறியப்பட்டது. ஆராய்ச்சிக்கு நிதி கேட்பவர்களுக்கு அந்தப் பெயர் பயன்பட்டிருக்கலாம். நோயாளியிடம் அதே சொல் வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஏனென்றால் அங்கே போர்க்களமும் அவருடைய உடல், எதிரி என்று சொல்லப்படும் செல்களும் அவருடையவை.

உருவகம் என்பது பேச்சுக்கு அழகு சேர்ப்பதோடு நின்றுவிடுவதில்லை, நாம் சிந்திக்கும் முறையையே அது அமைக்கிறது என்று 1980இல் மொழியியலாளர் ஜார்ஜ் லேக்காஃபும் தத்துவ அறிஞர் மார்க் ஜான்சனும் வாதிட்டார்கள். டேவிட் ஹவுசர், நார்பர்ட் ஷ்வார்ஸ் என்ற உளவியலாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வு இதைப் புற்றுநோயிலேயே சோதித்தது. போர்ச் சொற்களால் எழுதப்பட்ட குறிப்பைப் படித்தவர்களிடம், புற்றுநோயைத் தவிர்ப்பதற்காகத் தம் பழக்கங்களைக் குறைத்துக்கொள்ளும் எண்ணம் மற்றவர்களைவிடத் தளர்ந்திருந்தது. போர் என்றதும் மனம் தாக்குதலையே நினைக்கிறது. புகையையும் மதுவையும் விலக்கி வைப்பது அதற்கு வீரமாகத் தெரிவதில்லை.

என்னை அதிகம் வருத்துவது நோயின் இறுதிக் கட்டம். குணமாகாது என்று தெரிந்த பிறகும் "கடைசி வரை போராடுவோம்" என்று குடும்பம் நிற்கும்போது, "எனக்குப் போதும்" என்று சொல்ல விரும்பும் நோயாளி கோழையாகிவிடுவோமோ என்று அஞ்சி வாய் மூடிக்கொள்கிறார். வலியையும் துன்பத்தையும் குறைப்பதையே நோக்கமாகக் கொண்ட, பேலியேட்டிவ் கேர் எனப்படும் நோய்த்தணிப்புச் சிகிச்சை, சரணடைவதாகவே பார்க்கப்படுகிறது. ஆனால் முற்றிய நுரையீரல் புற்றுநோய் கொண்ட 151 பேரிடம் அமெரிக்காவில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு இதையும் தொடக்கத்திலேயே பெற்றவர்கள் குறைவான மனச்சோர்வோடு இருந்தார்கள். கடைசி நாட்களில் கடுமையான சிகிச்சைகளுக்கு அவர்கள் ஆளானதும் குறைவு. அப்படியிருந்தும் அவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம், 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9 மாதம். போரின் கணக்குப்படி இது நடந்திருக்கவே கூடாது. நமக்கு அருகிலேயே, கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய நோய்த்தணிப்பு இயக்கம் கேரளமெங்கும் வீடு தேடிப் போய்ப் பணியாற்றும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது.

போர் என்ற சொல்லையே தடை செய்ய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பிரிட்டனின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் மொழியியலாளர் எலினா செமினோவின் குழு நோயாளிகளின் எழுத்துகளை ஆராய்ந்தபோது, சிலருக்கு அந்தச் சொல் உண்மையாகவே தெம்பு தந்திருப்பதும், மென்மையானது என்று நாம் நம்பும் "பயணம்" என்ற சொல்லே வேறு சிலரைச் சோர்வடையச் செய்திருப்பதும் தெரியவந்தன. ஆகவே சொல்லைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நோயாளியுடையது. "எதிர்த்து நிற்கிறேன்" என்று அவர் சொன்னால் நாமும் அப்படியே பேசலாம். "போதும்" என்று அவர் சொன்னால், அதை அவருடைய முடிவாக ஏற்று, வலிக்கு மார்ஃபின் கிடைக்கிறதா, வீட்டுக்கு வந்து பார்க்கும் செவிலியர் அருகில் இருக்கிறாரா என்று அன்றைக்கே விசாரிக்கத் தொடங்க வேண்டும்.