மோக்ஸா சூட்டில் தூரம்தான் முக்கியம்

முழங்கால் தேய்மானத்துக்குச் சீனர்கள் செய்யும் மோக்ஸா சிகிச்சையில் (கனலும் மூலிகைக் குச்சியின் சூட்டைத் தோலருகே காட்டுவது) ‘சூடு ஏற ஏற வலி குறையும்’ என்று ஒரு கட்டுரை சொல்கிறது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மாசிப்பத்திரி இனத்து இலையை உலர்த்தி, இடித்து, பஞ்சாக்கிச் சுருட்டியதுதான் மோக்ஸா குச்சி. கனலும் முனை தோலில் படக்கூடாது. 2 முதல் 3 செ.மீ. தள்ளியே பிடிக்க வேண்டும். இதமான சூடும் லேசான சிவப்பும் போதும். சுரீரென்றால் உடனே விலக்குங்கள்.

சூடு காட்டும் இடங்கள்: முழங்காலை மடக்கினால் சில்லுக்குக் கீழே இருபுறமும் தெரியும் குழிகள். இவற்றைச் சீனத்தில் ‘முழங்கால் கண்கள்’ என்பார்கள். வெளிக்குழியிலிருந்து நான்கு விரற்கடை கீழே, முன்னெலும்பின் விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளிப்பக்கம் உள்ளது ‘ட்சூசான்லி’ என்னும் புள்ளி. ஒவ்வொன்றுக்கும் 10 நிமிடம் சரி.

கொப்புளம் பெரும்பாலும் சாம்பலால்தான் வரும். சேர்ந்த சாம்பல் சூட்டை மறைக்கும், சூடு போதவில்லை என்று இன்னும் நெருக்குவோம், கனலோடு உதிர்ந்துவிடும். அடிக்கடி தட்டிவிடுங்கள். முடிந்ததும் குச்சியை மணலில் குத்தி அணையுங்கள். உள்ளே கனல் நெடுநேரம் இருக்கும்.

சர்க்கரை நோயால் கால் மரத்தவர்களுக்கு இது வேண்டவே வேண்டாம், சுடுவதே தெரியாது. மூட்டு சிவந்து வீங்கிக் கொதித்தாலும் கூடாது, முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். புகை அதிகம், ஆஸ்துமா உள்ள வீட்டில் தவிர்க்கவும். தேய்ந்த குருத்தெலும்பு இதனால் வளராது. வலியும் விறைப்பும் சற்றுத் தணியலாம், தொடைத்தசைப் பயிற்சியை நிறுத்தாதீர்கள்.