பயப்படுகிறவர்களைக் கேலி செய்யாதீர்கள்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. கடலூர் தேவனாம்பட்டினம் கரையில் இருந்த யார் மனதிலும் துளி பயமில்லை. சுனாமி அப்போதே கிளம்பிப் பாதிக் கடலைத் தாண்டியிருந்தது. நான்கு நாள் கழித்து, 30ஆம் தேதி, இன்னொரு சுனாமி வரலாம் என்று மத்திய அரசே எச்சரித்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சனம் மேற்கே ஓடியது. அன்று அலை வரவில்லை. ஆபத்து உச்சத்தில் இருந்த நாளில் பயமில்லை. பயம் உச்சத்தில் இருந்த நாளில் ஆபத்தில்லை.

அப்படியானால் பயமே வீண் என்கிறார்கள் சிலர். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அன்று ஓடியவர்கள் செய்தது நூற்றுக்கு நூறு சரி. கையில் இருந்த தகவலுக்கு அதுதான் புத்திசாலித்தனம். அலை வராததால் அவர்கள் கோழைகள் ஆகிவிடுவார்களா? "அஞ்சுவது அஞ்சாமை பேதைமை" என்ற குறள் பயத்தை அறிவின் பக்கம்தான் வைக்கிறது.

சரி, எதற்கு அஞ்சுவது? இங்கேதான் சிக்கல். போன தடவை அடி விழுந்த திசையையே பயம் பார்த்துக்கொண்டிருக்கும். சுனாமிக்கு அப்புறம் நாம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தோம். 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் காற்றாக வந்தது. கடலை விட்டுத் தள்ளியிருக்கிற பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. 2024இல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தாச்சு என்று மூச்சு விட்டோம். சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையோடு வந்து ஊருக்குள் புகுந்தது. சுனாமிக்குப் பயந்து ஓடிய அதே மேற்கிலிருந்து.

இன்னொன்று, பழக்கம். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் "எத்தனாம் நம்பர்?" என்று கேட்டுவிட்டு டீயைக் குடிக்கிறோம். ஆனால் அந்த எண் வரிசையைக் கவனியுங்கள். 10 என்றால் பெரிய ஆபத்து. அதற்கும் மேலே 11 இருக்கிறது: வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துபோனது என்று அர்த்தம். புயலை விட, புயலைப் பற்றி ஒன்றும் தெரியாமல் போவதை மேலே வைத்திருக்கிறார்கள். எனக்கு இது மிகப் பெரிய சிந்தனையாகப் படுகிறது.

சில்வர் பீச்சில் ஞாயிற்றுக்கிழமை பாருங்கள். அலை உடைகிற இடத்தை விட்டுவிட்டு, நடுவில் அமைதியாகத் தெரிகிற தண்ணீரில் இறங்குகிறார்கள் பையன்கள். கடலுக்குள் இழுத்துப் போகிற நீரோட்டம் பெரும்பாலும் அங்கேதான் ஓடும். "டேய், மேல வாடா" என்று கரையில் கத்துகிற அம்மாவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அந்த அம்மாவுக்கு நீரோட்டம் தெரியாமல் இருக்கலாம், ஆனால் கத்துவதில் தப்பே இல்லை. எந்தத் தண்ணீர் இழுக்கும், எந்தக் கூண்டுக்கு என்ன செய்ய வேண்டும் என்று இந்த மாவட்டத்தின் ஒவ்வொரு பள்ளியிலும் சொல்லித்தர வேண்டும். கடலோரக் குப்பங்களில் மட்டும் சொன்னால் போதாது, ஆற்றோர ஊர்களிலும்தான்.