யார் வேணா பண்ணலாமாம்!

நேத்து லேப் ஆராய்ச்சி பத்தி வந்த அந்த லைவ் பாத்தவங்களுக்கு நான் எதச் சொல்றேன்னு புரியும். "எலி எப்படி நடந்துக்குதுன்னு பாக்குற பிஹேவியர் டெஸ்ட் எல்லாம் ப்ரோட்டோகால்ல, அதான் செய்முறைக் குறிப்புல, தெளிவா இருக்கு, படிச்சுட்டு யார் வேணா பண்ணலாம், மூளை வேலை டிஎன்ஏவ படிக்கிற சீக்வென்சிங்லதான்"னு பேசுன அண்ணன் சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. கீழ ஹார்ட்டா பறக்குது. எனக்கு ராத்திரி தூக்கமே வரல.

சரி, யார் வேணா பண்ணலாம், வாங்க. ரோட்டராட்னு ஒரு மெஷின், சுத்துற உருளை மேல எலிய விடணும், 4 ஆர்பிஎம்ல ஆரம்பிச்சு 5 நிமிஷத்துல 40 வரைக்கும் ஏறும், எப்ப விழுதுன்னு டைம் எடுக்கணும். அவ்ளோதானேன்னு தோணும். ஆனா சில எலி நடக்கவே நடக்காது, உருளைய இறுக்கி கட்டிப்புடிச்சுக்கிட்டு அதோட சேந்து தலைகீழா ஒரு ரவுண்டு போய்ட்டு வரும், விழாது, மெஷின் பாட்டுக்கு செகண்ட் எண்ணிட்டிருக்கும். நிக்கிற ஆள் அத கவனிச்சு குறிக்கலன்னா பேலன்ஸ் இல்லாத எலிதான் அன்னிக்கு சாம்பியன்.

இன்னொண்ணு, சி3எச்னு ஒரு லேப் எலி வகை, அதுக்கு பொறந்து சில வாரத்துலயே ஆர்டி1ங்கிற ஜீன் மாற்றத்தால விழித்திரை போயிடும். அதத் தண்ணில விட்டு, சுவத்துல இருக்குற அடையாளத்த பாத்து தண்ணிக்குள்ள மறைஞ்சிருக்குற மேடைய கண்டுபுடின்னா அது எங்க கண்டுபுடிக்கும்? ஆனா "ஞாபகசக்தி கம்மி"ன்னு எழுதிட்டுப் போலாம், ப்ரோட்டோகால் ஒண்ணும் தடுக்காது.

"எல்லாரும் ஒரே மாதிரி பண்ணா தீந்துச்சு"ம்பீங்க. பண்ணிட்டாங்க சாமி! 1999ல க்ராப், வால்ஸ்டன், டூடெக்னு மூணு விஞ்ஞானிங்க, ஆல்பனி, எட்மன்டன், போர்ட்லண்ட்னு மூணு ஊரு லேப்ல, ஒரே எலி வகைங்க (ஸ்ட்ரெயின்), ஒரே வயசு, ஒரே கருவினு பாத்துப் பாத்து பண்ணாங்க. எது எவ்ளோ சாராயம் குடிக்குதுங்கிறது ஒத்துப்போச்சு, பயத்த பாக்குற ப்ளஸ் மேஸ்ங்கிற கூட்டல் குறி மாதிரி மேடை டெஸ்டோட ரிசல்ட் ஊருக்கு ஊரு மாறிடுச்சு. அங்க டெஸ்ட் பண்ண ஆளுங்கள்ல ஒருத்தருக்கு எலி அலர்ஜி, ரெஸ்பிரேட்டர் மாஸ்க் மாட்டிக்கிட்டேதான் டெஸ்ட் பண்ணாரு. அதெல்லாம் எந்த ப்ரோட்டோகால்ல வரும்? 2014ல கனடாவோட மெக்கில் யுனிவர்சிட்டில மோகில்ங்கிற விஞ்ஞானியோட டீம் இன்னும் ஒரு படி மேல போய், ஆம்பளைங்க போட்டுக் கழட்டுன டிஷர்ட்ட பக்கத்துல வச்சாலே எலிக்கு ஸ்ட்ரெஸ் ஆகுது, வலி காட்டுறதே கொறையுதுன்னு காட்டினாங்க. யார் வேணா பண்ணலாமாம்!

"ஆட்டோமேட்டிக் கேமரா கூண்டு வந்துருச்சே"ன்னு ஒரு தம்பி. நல்ல விஷயம், ஒத்துக்குறேன். அந்த எலிய கூண்டுக்குள்ள விடுறது யாரு, ட்ரோனா? "எலி பாவம்"னு வர்றவங்களோட எனக்கு சண்டை இல்ல, ஆனா வாலைப் புடிச்சு தூக்காம குழாய்ல ஏறவிட்டு தூக்கினா அதுக்கு பயம் கொறையுதுன்னு 2010ல லிவர்பூல்ல கண்டுபுடிச்சவங்களும் கையில எலிய தூக்குனவங்கதான்.

நான் முன்னாடி இருந்த லேப்ல கூண்டு மாத்துற அண்ணன் ஒருத்தர், பத்தாவது வரை படிச்சவரு. ஒரு நா காலைல "பாப்பா, இந்த கூண்டுல ஒருத்தன் மத்தவனுங்க மீசைய எல்லாம் கடிச்சு வழிச்சு வச்சிருக்கான், பாத்துட்டு டெஸ்ட் பண்ணு"ன்னாரு. மீசை இல்லாத எலி இருட்டுல தடவித் தெரிஞ்சுக்க முடியாது, அது டெஸ்ட் பெட்டில ஓரமா ஒதுங்குறத ஜீன் பண்ற வேலைன்னு எழுதிருப்போம். அந்த பேட்ச் டேட்டாவ தனியா எடுத்து வச்சோம். ஆராய்ச்சிக் கட்டுரை வந்துச்சு. பிசிஆர்ங்கிற டிஎன்ஏ டெஸ்ட் ரிசல்ட்ட மெயில்ல அனுப்புனவரு மூணாவது ஆத்தர். டெஸ்ட் பூரா நின்ன நான் கடைசில நன்றி சொல்ற வரில, அந்த அண்ணன் அதுலயும் இல்ல. கேட்டதுக்கு "அது அவர் வேலைம்மா, சம்பளம் வாங்குறாருல்ல"ன்னாங்க. நீங்க வாங்கலியா சார்?

எலி மூத்திரம் படுற வேலைன்னா அது கை வேலை, ஏசி ரூம்ல பட்டன் அமுக்குனா அது மூளை வேலை. இந்த புத்தி எங்கேருந்து வருதுன்னு நம்ம ஊருக்காரங்களுக்கு விளக்க வேண்டியதில்ல.

"லைவ்ல பேசுனவர டேக் பண்ணாத, நாளைக்கு ரெகமண்டேஷன் லெட்டருக்கு போய் நிக்கணும்"னு இன்பாக்ஸ்ல ரெண்டு அக்காங்க அன்பா சொல்றாங்க. பண்ணிட்டேன்க்கா.