ஹேலோவுக்கு ஒரே சராசரி எதற்கு?

"கேலக்ஸியின் ஹேலோவில் இருப்பவை வயதான, உலோகம் குறைந்த விண்மீன்கள்." கேலக்ஸியின் தட்டைச் சுற்றி, அடர்த்தியில்லாமல் பரந்து கிடக்கும் விண்மீன் கூட்டமே ஹேலோ. அதைப் பற்றி எந்த அறிமுகக் கட்டுரையைத் திறந்தாலும் இந்த வரி வந்துவிடும். பொய் இல்லைதான். ஆனால் ஒரு கூட்டுக் குடும்பத்தைக் காட்டி, "சராசரி வயது 41" என்று சொல்லிவிட்டு நகர்வது மாதிரி இருக்கிறது. தாத்தாவும் தெரியவில்லை, கைக்குழந்தையும் தெரியவில்லை.

(வானியலில் ஹைட்ரஜன், ஹீலியம் தவிர எல்லாமே உலோகம், ஆக்சிஜன் உட்பட. வேதியியல்காரர்கள் பொறுத்தருள்க.)

நாம் பால்வெளிக்குள் மாட்டிக்கொண்டிருப்பதால், ஹேலோவை வெளியே நின்று பார்க்க 25 லட்சம் ஒளியாண்டு தள்ளியிருக்கும் ஆண்ட்ரோமெடா கேலக்ஸிதான் வசதி. அங்கே தனித்தனியாகத் தெரிவது பெரும்பாலும் சிவப்பு ராட்சத விண்மீன்கள். உலோகம் கூடினால் அவை இன்னும் சிவக்கும். ஆனால் வயது குறைந்தால் நிறம் நீலப் பக்கம் சாயும். ஆக, நிறத்தை மட்டும் வைத்து வயதையும் உலோகத்தையும் பிரிக்க முடியாது. வயது தெரிய, சூரியனைப் போன்ற மங்கலான விண்மீன்கள்வரை எட்ட வேண்டும்.

ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி அதைச் செய்தது. ஆண்ட்ரோமெடா ஹேலோவின் ஒரு சிறு துண்டைப் பல நாள் உற்றுப் பார்த்ததில், அங்கிருந்தவற்றில் சுமார் 30 சதவீதம் 600 முதல் 800 கோடி ஆண்டு வயதுள்ள, ஒப்பீட்டளவில் இளைய, உலோகம் செறிந்த விண்மீன்கள் என்று 2003-இல் தெரியவந்தது. ஹேலோ என்றால் கிழம் என்ற பாடம் அன்றே ஆட்டம் கண்டது.

எனக்கு இதைவிடப் பிடித்தது அடுத்த கட்டம். 2001-இல் ஆண்ட்ரோமெடாவில் கண்டுபிடித்த பெரும் விண்மீன் ஓடையையும் (விழுங்கப்பட்ட ஒரு சிறு கேலக்ஸியிலிருந்து பிய்ந்து நீண்ட விண்மீன் வரிசை) இதேபோல ஆராய்ந்தபோது, இரண்டு இடத்து விண்மீன்களும் ஏறத்தாழ ஒரே சாடையில் இருந்தன. அந்தத் துண்டில் ஓடையின் சிதறல் கலந்திருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தது. ஒரு ஜன்னல் வழியே பார்த்ததை முழு வீட்டுக்கும் பொருத்தினால் இப்படித்தான். ஒரு லட்சம் ஒளியாண்டுக்கும் அப்பால் பார்த்தபோது கூட்டம் சற்று முதிர்ந்ததாகவும், உலோகம் குறைந்ததாகவும் இருந்தது. ஆனால் அங்கேயும் எல்லாம் ஒரே வயது இல்லை.

காரணம் ஹேலோ கட்டப்பட்ட விதம்: பெரிய கேலக்ஸி சிறிய குறுங்கேலக்ஸிகளை விழுங்கித்தான் அது பெரும்பாலும் உருவானது. குறுங்கேலக்ஸிகளில் பெரியது தன் ஈர்ப்பால் உலோகத்தைப் பிடித்துவைத்திருக்கும்; அது விழுங்கப்பட்டால், அதன் உலோகம் செறிந்த விண்மீன்கள் பெரும்பாலும் உள்ளே அமிழும். சிறியவை வெளியிலேயே சிதையும். சராசரி உலோகம் வெளியே போகப் போகக் குறைவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நம் பால்வெளியிலும், ஏறத்தாழ 1000 கோடி ஆண்டுக்கு முன் விழுந்த ஒரு கேலக்ஸியின் மிச்சம் உள்ஹேலோவை நிறைத்திருப்பதை 2018-இல் கையா விண்கலத் தரவு காட்டியது.

ஹேலோவின் உள்பகுதியில் விண்மீன்கள் வேகமாகச் சுற்றி வரும், அதனால் எல்லாம் கலந்துவிடும். வெளியே ஒரு சுற்றுக்கே நூறு கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகலாம். அவ்வளவு தூரத்தில் கலக்க நேரமே கிடைப்பதில்லை. வந்த கேலக்ஸி வந்தபடி ஓடையாக நிற்கிறது. அதனால்தான் வெளிஹேலோவுக்கு ஒரே ஒரு உலோக அளவை யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது: எந்தப் பக்கம், எவ்வளவு தூரத்தில், ஓடையைக் கழித்தா, சேர்த்தா?