முகம் எங்கே என்று கேட்டவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை மறுபடி விவரிக்க வேண்டியதில்லை. ஒரு வரியில் சொன்னால்: மேசை விளையாட்டுக்கு மாடல் செய்கிற நம் குரூப்பின் செடி அரக்கன் போட்டிக்கு, முதல் தடவை வந்த ஒரு தம்பி, பூச்சி தின்னும் செடி ஒன்றுக்குக் கால் வைத்துச் செய்து கொண்டுவந்திருந்தான். வந்திருந்தவர்கள் நேரில் பார்த்தீர்கள், வராதவர்கள் குரூப்பில் வீடியோ பார்த்துவிட்டீர்கள். "பூந்தொட்டிக்குக் கால் முளைச்ச மாதிரி இருக்கு, இதுக்கு முகம் எங்க தம்பி?" என்று மைக்கில் கேட்டதும், கூடமே சிரித்ததும் எல்லாருக்கும் தெரியும். எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

முகம் இல்லை. இருக்கவும் கூடாது. அது செடி.

அந்தத் தம்பி செய்திருந்தது நெப்பந்தஸ் பைகல்கரேட்டா. போர்னியோ தீவின் சதுப்புக் காடுகளில் வளரும் குடுவைச் செடி. பள்ளிக்கூடத்தில் இலையின் உருமாற்றம் என்று படம் வரைந்து பாகம் குறித்தோமே, அதே குடும்பம்தான். இலையின் நடுநரம்பு நீண்டு பற்றுக்கம்பியாகி, அதன் நுனி உப்பிக் குடுவையாகிறது. குடுவையின் மூடி இருக்கிறதே, இளம் குடுவையில் அது ஒட்டியிருக்கும். ஒருமுறை திறந்தால் திறந்ததுதான், அப்புறம் மூடவே மூடாது. பைகல்கரேட்டாவுக்கு அந்த மூடிக்கு அடியில், வாயைப் பார்த்து வளைந்த இரண்டு முட்கள் உண்டு. அச்சு அசல் பாம்புப் பல். "ஒரு பல்லாவது வச்சிருக்கலாம்" என்று மேடையில் சொன்னார்கள். பல் இருந்தது. ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை.

குனிந்திருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்கும். குடுவையின் விளிம்பில் 28 மி.மீ உயரச் சிப்பாய் பொம்மை ஒருவன் நிற்கிறான். வலது கால் விளிம்பின் வெளிப்பக்கம், இடது கால் உள்பக்கம் ஏற்கெனவே வழுக்கிவிட்டது, முழங்கால் மடங்கிப்போயிருக்கிறது. கையால் முள்ளைப் பிடித்துத் தொங்கப் பார்க்கிறான். அந்த முள்ளின் நுனியில் ஒரு சொட்டுத் தேன். அந்த விளிம்பு மட்டும் பளபளவென்று ஈரமாக இருக்கிறது, மீதிக் குடுவை முழுக்க மேட், பளபளப்பே இல்லை. ஏன் அப்படி? நிஜச் செடியின் விளிம்பில் நுண்ணிய வரிகள் இருக்கும். ஈரம் பட்டால் அந்த வரிகளில் நீர்ப்படலம் பரவி, எறும்பின் கால்கூட அங்கே நிற்காது. செடி ஓடிப்போய் யாரையும் கடிப்பதில்லை. வந்தவன் தானாக வழுக்கி விழுகிறான். இதைவிடப் பயங்கரமான ஒரு விஷயத்தை மாடல் நிற்கிற இரண்டு அங்குல பேஸில் சொல்ல முடியுமா?

பரிசு வாங்கிய மாடலைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். பெயின்டிங் சுத்தமான வேலை, அந்த வண்ணக் கலவைக்கு நான் கைதட்டினேன். ஆனால் அது செடி இல்லை. நாலு கால், முதுகெலும்பு, தோள், ரெண்டு கண், ஒரு நாக்கு. பச்சை அடித்த ஓநாய். தலையை எடுத்துவிட்டுச் சிங்கத்தலை வைத்தாலும் மீதி உடம்பில் ஒன்றும் மாற்ற வேண்டியிருக்காது. எனக்கு அதுதான் பரீட்சை. இரை பிடிக்கிற பொறி எப்படி வேலை செய்கிறதோ அதிலிருந்து உடம்பு வர வேண்டும். பொறியைக் கழற்றினால் உடம்புக்கு அர்த்தமே இருக்கக் கூடாது.

"கற்பனை விளையாட்டுதானே, இதுல என்ன தாவரவியல்?" என்று கமென்ட் வரும். வந்தும்விட்டது. கற்பனைதான். அதனால்தான் ஒரே ஒரு பொய்க்கு அனுமதி: அது நடக்கிறது. மீதி எல்லாம் உண்மையாக இருந்தால் அந்த ஒரு பொய்யை மனசு ஏற்றுக்கொள்ளும். அது நடக்கிறது, அதற்குக் கண் இருக்கிறது, பல் இருக்கிறது, உறுமுகிறது என்று நாலு பொய் சேர்ந்தால் அங்கே செடி செத்துவிடும்.

"அப்போ வீனஸ் ஃப்ளைட்ராப் தலை வைக்கிறதெல்லாம் தப்பா?" தப்பில்லை. அது ஒரு தலை மாதிரி வைப்பதுதான் தப்பு. அமெரிக்காவின் வட, தென் கரோலினாக்களில் மட்டும் இயற்கையாக வளரும் அந்தச் செடிக்குத் தலை கிடையாது. ஒரே செடியில் தரையோடு தரையாக வட்டமாக விரிந்த பல இலைகள், ஒவ்வொரு இலையின் நுனியிலும் ஒரு பொறி. பொறியின் ஒவ்வொரு மடலிலும் பொதுவாக மூன்று உணர்முடி. ஏறக்குறைய 20 விநாடிக்குள் இரண்டு தடவை முடி அசைந்தால்தான் மூடும். மூடும்போது நொடியில் பத்தில் ஒரு பங்கு. வெளிப்பக்கம் குவிந்திருந்த மடல் சட்டென்று உள்பக்கம் புரண்டுவிடும். இதை உண்மையாகச் செய்யுங்கள்: ஐந்தாறு பொறி, ஒன்று அகலத் திறந்து மடல் வெளியே வளைந்திருக்கட்டும், ஒன்று பாதி மூடி, ஒன்று இறுக மூடி உள்ளே ஒரு கேடயத்தின் விளிம்பு தெரியட்டும். விளையாட்டு விதியும் அதிலேயே இருக்கிறது. ஒரு சுற்றில் முதல் முறை பக்கத்தில் வந்தவனுக்கு ஒன்றும் ஆகாது, அதே சுற்றில் இரண்டாவது ஆள் வந்தால் பொறி மூடும். மேசையில் எல்லாரும் "நான் ரெண்டாவதா போக மாட்டேன்" என்று தயங்குவார்கள். உறுமுகிற தலையிடமிருந்து இந்தத் தயக்கம் வராது.

இப்போது கால். இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். மிருகக் காலை எடுத்து வேர் மாதிரி வரி போட்டால் அது வேராகாது. முழங்கால் மூட்டு தெரிந்த உடனே மிருகம் வந்துவிடும். தாழம்புதரையோ பிச்சாவரத்துச் சுரபுன்னையையோ போய்ப் பாருங்கள், முட்டுவேர்கள் தண்டின் வெவ்வேறு உயரங்களிலிருந்து கிளம்பி, மூட்டே இல்லாமல் வில் மாதிரி வளைந்து இறங்கும். அதுதான் கால். மூன்று கால் வைத்தால் ஒன்றைத் தூக்கியதுமே சாய்ந்துவிடும், பார்க்கிற கண்ணுக்கே அது தெரியும். ஆறு வையுங்கள். பூச்சி நடக்கிற மாதிரி மூன்று ஊன்றி, மூன்று தூக்கி. ஊன்றிய மூன்று புள்ளிகளை இணைத்தால் வரும் முக்கோணத்துக்குள் குடுவையின் கனம் விழ வேண்டும். தம்பியின் மாடலில் சரியாக விழுந்தது. அளந்துதான் சொல்கிறேன்.

செய்கிறவர்களுக்கு: 18 கேஜ் கட்டுக்கம்பி போதும். 12 செ.மீ நீளத்தில் மூன்று துண்டு, நடுவில் சேர்த்து முறுக்கினால் ஆறு கால். ஊன்றுகிற ஒவ்வொரு நுனியிலும் 1 செ.மீ விட்டு வையுங்கள், பேஸில் துளை போட்டுச் செருக. அலுமினியக் கம்பி வேண்டாம், கனம் ஏறியதும் மெதுவாக உட்கார்ந்துவிடும். கட்டுக்கம்பி துருப்பிடிக்கும், அதனால் முதலில் சூப்பர் க்ளூ ஒரு கோட். அதன்மேல் மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றி, கிரீன் ஸ்டஃப்பை (மஞ்சளும் நீலமும் சேர்த்துப் பிசைந்தால் இறுகுகிற புட்டி) அரை மி.மீ கனத்துக்கு மட்டும் பூசிக் காயவிடுங்கள். வெறும் கம்பியில் ஒரே நேரத்தில் முழுக் கனமும் அப்பினால், டூல் வைத்து இழுக்கும்போது காலே கம்பியைச் சுற்றிச் சுழலும். கிரீன் ஸ்டஃப் நாடாவில் மஞ்சளும் நீலமும் தொடுகிற இடத்தை 2 மி.மீ வெட்டி எறிந்துவிடுங்கள். அங்கே ஏற்கெனவே இறுகியிருக்கும், பிசைந்தால் கட்டி கட்டியாக வரும். உள்ளே பருமன் ஏற்ற எம்-சீல் நல்லது, மலிவு. மேல் தோலுக்கு வேண்டாம், சீக்கிரம் இறுகிவிடும், கூர்மையான வரி பிடிக்காது.

வாயின் அளவையும் யோசிக்க வேண்டும். மனிதனை விழுங்குகிறது என்று சொல்லிவிட்டு 8 மி.மீ வாய் வைக்கிறார்கள். 28 மி.மீ சிப்பாயின் தோளை ஸ்கேலில் அளந்து பாருங்கள், 12 மி.மீட்டராவது வரும். வாய் 16 வேண்டும், குடுவை 35 உயரம், அப்போது பேஸ் 50. இதற்குக் குறைந்தால் வளைந்த கால்கள் பேஸைத் தாண்டி நீட்டி, பக்கத்து யூனிட்டை (படைப்பிரிவை) ஒட்டி வைக்க முடியாது.

குடுவையை ரெசின் 3டி பிரின்டரில் பிரின்ட் செய்கிறவர்கள் ஒரு விஷயத்தில் அடிபடுவீர்கள். எனக்கே இரண்டு குடுவை போன பிறகுதான் புரிந்தது. ஸ்லைசரில் (மாடலை லேயர் லேயராகப் பிரிக்கிற மென்பொருள்) வாய் மேலே பார்க்க நேராக நிறுத்துவோம். அச்சாகும்போது மாடல் தலைகீழாகத் தொங்குவதால் வாய் நேரே ரெசின் தொட்டியின் அடியில் இருக்கிற ஃபிலிமைப் பார்த்திருக்கும். ஒவ்வொரு லேயர் உரியும்போதும் உள்ளே வெற்றிடம் உண்டாகி, சுவரை உறிஞ்சும். மெல்லிய சுவர் என்றால் கிழியும், கனமாக இருந்தால் மாடலைத் தாங்குகிற சப்போர்ட்டிலிருந்து பிய்ந்துவிடும். தீர்வு செடியிலேயே இருக்கிறது. பற்றுக்கம்பி சேருகிற இடத்தில், குடுவையின் அடியில் 2 மி.மீ துளை விடுங்கள். காற்றும் ரெசினும் அதன் வழியாகப் போய்விடும். பிறகு பற்றுக்கம்பியின் முளை அதே துளையில் உட்கார்ந்துகொள்ளும், ஒட்டுப்போட்டதே தெரியாது. 30 முதல் 45 டிகிரி சாய்த்து வையுங்கள். ஆல்கஹாலில் கழுவும்போது துளைக்குள் சிரிஞ்சால் பீய்ச்சுங்கள். உள்ளே காயாத ரெசின் தங்கினால் சில வாரம் கழித்து வெடிப்பு விடும். தம்பி இதைத்தான் செய்திருக்கிறான். பூந்தொட்டி என்று சிரித்தீர்களே, அந்தப் பூந்தொட்டியின் அடியில் இவ்வளவு யோசனை இருக்கிறது.

"மூணடி தள்ளி நின்னு பார்த்தா எது முன்பக்கம்னே தெரியலையே" என்றார் ஒரு நண்பர். இது நியாயமான கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். மூடி எந்தப் பக்கம் இருக்கிறதோ அது பின், வாய் சாய்ந்த பக்கம் முன். அதுவும் போதவில்லையென்றால் பேஸ் விளிம்பில் ஒரு கோடு. முடிந்தது. இதற்கு ரெண்டு கண் ஒட்டத் தேவையில்லை.

"உங்களுக்கு வேண்டிய பையன், அதான் பரிந்து பேசுறீங்க" என்பவர்களுக்கு: அந்தத் தம்பியை நான் ஞாயிறு அன்றுதான் முதல் தடவை பார்த்தேன். பெயர்கூட மாலையில்தான் மற்றவர்களிடம் கேட்டேன்.

பெயின்டிங்கில் ஒரே ஒரு குறை அவனிடம் இருந்தது. அதை மேடையில் யாராவது சொல்லியிருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். தேன் சொட்டுக்கு சூப்பர் க்ளூ வைத்திருக்கிறான், அதன் ஆவி பட்டு முள்ளைச் சுற்றி வெள்ளையாகப் பூத்துவிட்டது. மேட் வார்னிஷை முதலில் முடித்துவிட்டு, கடைசியாக யூவி ரெசினை ஊசி நுனியில் தொட்டு வைத்து விளக்கில் காட்டியிருந்தால் கண்ணாடியாக நின்றிருக்கும். வரிசையை மாற்றி, கடைசியில் மேட் அடித்தால் ஈரமெல்லாம் செத்துவிடும். சொல்ல ஒரு நிமிஷம் ஆகும். சிரிப்பதற்கு அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார்கள்.

எனக்கு வலிக்கிற இடம் அதுதான். முதல் தடவை மேசைக்கு வருகிறவன், கடையில் வாங்கிய மாடலைக் கொண்டுவந்திருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டோம். சொந்தமாக யோசித்து, செடியைப் படித்து, கம்பி முறுக்கிக் கொண்டுவந்தான் பாருங்கள், அதற்குத்தான் சிரிப்பு. புது ஆள் வருவதில்லை என்று குரூப்பில் மாதாமாதம் புலம்புகிறோம். வந்தவன் மாடலைத் துணியில் சுற்றிக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் கிளம்பியபோது வாசலில் நானும்தான் நின்றேன். எல்லார் முன்னாலும் எழுந்து "பல் இருக்குங்க, குனிஞ்சு பாருங்க" என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அது என் தப்பு.

தம்பி, இதைப் படிக்கிறாயா தெரியவில்லை. வீடியோவில் நிறுத்திப் பார்த்தேன், தூக்கிய கால்களில் பின்பக்கத்து ஒன்று நுனியில் விரிசல் விட்டிருக்கிறது. மேலே பூச வேண்டாம், நிற்காது. விரிசலோடு வெட்டி, இரண்டு பக்கமும் 0.8 மி.மீ துளை போட்டு, பித்தளைக் கம்பி செருகி ஒட்டு. அப்புறம், பைகல்கரேட்டாவின் உப்பிய பற்றுக்கம்பிக்குள் ஒருவகை எறும்பு குடியிருக்கும், குடுவைத் தண்ணீருக்குள் இறங்கி நீந்தி இரை எடுக்கும். உன் மாடலில் பற்றுக்கம்பியை உப்பலாகத்தான் வைத்திருக்கிறாய், அதனால் உனக்கு இது தெரியும் என்று நினைக்கிறேன். அந்த எறும்புகளைத் தனி யூனிட்டாகச் செய். 25 மி.மீ பேஸ் என்னிடம் பத்து சும்மா கிடக்கிறது, இன்பாக்ஸில் வா.