ஒரு பல்பு மாத்த பெரியவர் மனசு வைக்கணுமாம்

ஒரு தெருவிளக்கு பல்புங்க. மேம்பாலம் கேக்கல, காலேஜ் கேக்கல. நாப்பது நாளா எங்க தெரு இருட்டு, கிராம சபையில எந்திரிச்சு கேட்டேன், அதான் நான் செஞ்ச குத்தம்.

கேட்டதும் பற்றாளர், அதான் சபைய கவனிக்க வந்த அதிகாரி, கிளர்க்க பாத்தாரு. கிளர்க் டேங்க் ஆபரேட்டர பாத்தாரு. ஆபரேட்டர் வேப்பமரத்தடிய பாத்தாரு. அங்க "பெரியவர்". வார்டு மெம்பர்கூட இல்ல, எந்த எலெக்‌ஷன்லயும் நின்னதில்ல, ஆனா கைப்பிடி வச்ச சேர் அவருக்கு மட்டும்தான், எங்களுக்கு ஜமுக்காளம். துண்ட ஒரு உதறு உதறி தோள்ல போட்டுட்டு, "இத ஏன் தம்பி சபையில பேசிக்கிட்டு, வீட்டுக்கு வந்து ஒரு வார்த்த சொல்லிருந்தா முடிஞ்சிருக்கும்ல"ன்னாரு. உடனே கிளர்க் பேனாவ மூடிட்டாரு. மூடிட்டாருங்க! தீர்மான நோட்டுல ஒரு வரி ஏறல, வருகைப் பதிவுல மட்டும் என் கையெழுத்து பத்திரமா இருக்கு.

1992ல அரசியல் சட்டத்த 73வது தடவையா திருத்தி, 29 விஷயம் பஞ்சாயத்துக்குன்னு அட்டவணை போட்டு, 94ல நம்ம ஊராட்சி சட்டமும் வந்து, தெருவுக்கு விளக்கு போடுறது ஊராட்சியோட கடமைன்னு அதுலயே எழுதி... அதிகாரம் டெல்லில இருந்து கெளம்பி சென்னை வந்து கலெக்டர் ஆபீஸ்ல இளைப்பாறி எங்க ஊருக்கு வந்தது அந்தப் பெரியவர் வீட்டுத் திண்ணை வரைக்கும்தான். கேரளாக்காரன் 1996லயே திட்டப் பணத்துல 35-40 சதவீதத்த உள்ளாட்சிக்குன்னு பிரிச்சு குடுத்தான். இங்க 2016ல ஊராட்சித் தலைவருங்க பதவிக்காலம் முடிஞ்சு 2019 டிசம்பர் வரைக்கும் எலெக்‌ஷனே இல்லாம தலைவருக்குப் பதிலா அரசு போட்ட தனி அலுவலர், 2025 ஜனவரில பாதிக்கு மேல மாவட்டத்துல மறுபடி தனி அலுவலர். தலைவர்னு ஒருத்தர் இருந்தா ஓட்டுக்காவது பயப்படுவாரு, தனி அலுவலர் மேலதிகாரிக்கு பயப்படுவாரு, இந்தப் பெரியவர் யாருக்குங்க பயப்படணும்? தலைவரம்மா இருந்தப்பவே அவங்க வீட்டுக்காரர் காலைல பெரியவர் வீட்ல ஒரு கும்பிடு போட்டுட்டுதான் ஆபீசுக்கே போவாரு, அது தனிக் கொடும.

நேத்து நானும் போனேன். ஆமா, போனேன், திட்டுறவங்க திட்டிக்கங்க. முக்கா மணி நேரம் திண்ணைல உக்கார வச்சாரு, அப்புறம் ஒரே ஒரு போன். இன்னிக்கு காலைல பல்பு வந்துருச்சு.

இப்ப மணி மத்தியானம் பன்னெண்டு, வெயிலுக்குப் போட்டியா ஜெகஜோதியா எரிஞ்சிக்கிட்டு இருக்கு. இத அணைக்க மறுபடி அங்கதான் போகணுமான்னு நெனச்சு சிரிப்புதான் வருது. போனா காபி வேற குடுப்பாங்க, சர்க்கரையே இல்லாம, கழனித்தண்ணி மாதிரி.