வசனம் கேட்பதில்லை

திரையரங்கில் வெளியாகிப் பெரும்பாலும் நான்கு வாரங்களிலேயே வீட்டுத் தொலைக்காட்சிக்கு வந்துவிடும் அண்மைக்காலத் தமிழ்ப் படங்களில் என்னை மிகவும் வருத்துவது கதையோ நடிப்போ அல்ல, வசனம் காதில் விழாததுதான். நாயகன் நுழையும் காட்சியில் பின்னணி இசை சுவரை அதிரவைக்கிறது. அடுத்த காட்சியில் தாயும் மகனும் தாழ்ந்த குரலில் பேசுவது வெறும் முணுமுணுப்பாகத் தேய்ந்துவிடுகிறது. ரிமோட்டைக் கீழே வைக்கவே முடிவதில்லை.

ஒலியை ஆறு தடங்களாகப் பிரித்துத் தரும் 5.1 ஒலியமைப்பில் வசனம் பெரும்பாலும் திரைக்குப் பின்னுள்ள நடு ஒலிபெருக்கிக்கு ஒதுக்கப்படுகிறது என்பதும், அதைத் தொலைக்காட்சியின் இரண்டு சிறிய ஒலிபெருக்கிகளுக்குள் சுருக்கும்போது இசையும் அடிதடிச் சத்தமும் அதன்மேல் ஏறிக்கொள்கின்றன என்பதும் ஒலிக்கலைஞர்கள் அறியாத செய்தியல்ல. வீட்டுக்கென்றே தனி ஒலிக்கலவை செய்ய வழியிருக்க, சண்டைக்காட்சிகளுக்குக் கோடிகளைக் கொட்டும் தயாரிப்பாளர்கள் இதற்கு மட்டும் ஏன் தயங்குகிறார்கள்?

இதைவிட வேதனையானது, தமிழ்ப் படத்துக்குத் தமிழிலேயே வசனவரிகள் பல நேரங்களில் கிடைக்காமல் போவது. தாய்மொழியில் பேசப்படும் வசனத்தைப் புரிந்துகொள்ள ஆங்கில வரிகளை வாசிக்க வேண்டியிருக்கிறது, ஆங்கிலம் அறியாத, செவித்திறன் குறைந்த முதியவர்களோ அருகிலிருப்பவரிடம் "என்ன சொன்னான்?" என்று கேட்டுக் கேட்டுச் சலித்து, பாதிப் படத்திலேயே எழுந்து போய்விடுகிறார்கள்.